கண்ணாடிக்குப் பின்னால் ஊர்ப் பெயர்கள்

பழைய வால்வு ரேடியோக்களுக்கு உயிர் கொடுப்பவர்களில் மரப்பெட்டிக்குப் பாலிஷ் போடுவதில் சூரர்கள் உண்டு. கண்டென்சர்களை மாற்றி, இரைச்சலை அடக்கிப் பாட வைப்பவர்கள் உண்டு. என் ஓட்டு டயல் கண்ணாடியைத் திரும்ப எழுதுகிறவருக்குத்தான்.

லண்டன், ஹில்வர்சம், லக்சம்பர்க், பெரோமூன்ஸ்டர் என்று ஐரோப்பாவே வரிசைகட்டி நிற்கும் அந்தக் கண்ணாடி, ரேடியோவிலேயே மிகவும் நோஞ்சானான பாகம். எழுத்துகள் பெரும்பாலும் அதன் பின்புறத்தில், இடவலம் மாற்றி அச்சடிக்கப்பட்டவை. டயல் பல்பின் சூட்டில் பல பத்தாண்டுகள் காய்ந்து மையின் பிடிப்பு விட்டுப்போயிருக்கும். யாராவது ஆசையாக ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் தூசியோடு ஹில்வர்சமும் போய்விடும்.

அச்சு வேலையில் மர்மம் ஏதும் இல்லை. நம்மூரில் கல்யாணப் பத்திரிகை அடித்த அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். வரிசை மட்டும் தலைகீழ்: முன்னால் தெரிய வேண்டிய எழுத்து முதலில், பின்னணி நிறம் கடைசியில். வீட்டு பிரிண்டரை நம்பி இறங்குகிறவர்கள் வெள்ளை எழுத்தில் முட்டிக்கொள்வார்கள். சாதாரண இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாதே.

கஷ்டமெல்லாம் அச்சுக்கு முன்பு, வரைவதில் இருக்கிறது. பார்க்க அலங்காரமாக இருந்தாலும் டயல் ஓர் அளவுகோல். மீடியம் வேவில் சுமார் 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது மூன்று மடங்கு போக, மின்சுற்றிலுள்ள மொத்தக் கொள்திறன் ஒன்பது மடங்கு மாற வேண்டும். குமிழைத் திருகத் திருக அது எந்தக் கதியில் மாறும் என்பதைத் தீர்மானிப்பது கண்டென்சர் தகடுகளின் வடிவம். அதனால்தான் ஊர்கள் ஓரிடத்தில் நெருக்கியடித்தும் இன்னோரிடத்தில் காலாற விலகியும் நிற்கின்றன. வேறொரு மாடலின் டயலைக் கொண்டுவந்து மாட்டினால் முள் ஓரிடம், நிலையம் வேறிடம். தெரிந்தவர்கள் போட்டோவை நம்பி வரைவதில்லை. கண்ணாடியின் கனமும் லென்ஸும் சேர்ந்து ஓரங்களை இழுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு கோட்டையும் ஸ்கேல் வைத்து அளந்தே குறிக்கிறார்கள்.

எந்த ஆண்டின் டயல் என்பது அடுத்த கேள்வி. 1948-ல் கோபன்ஹேகனில் கூடி, ஐரோப்பிய நாடுகள் நிலையங்களின் அலைவரிசைகளைப் புதிதாகப் பங்கிட்டன. 1950 மார்ச்சில் அது அமலுக்கு வந்ததும் பல நிலையங்கள் இடம் மாறின. முன்தினம்வரை சரியாக இருந்த டயல் பொய் சொல்ல ஆரம்பித்தது. பிரிட்டிஷ் பெட்டிகளில் பி.பி.சி.யின் ‘ஹோம்’, ‘லைட்’, ‘தேர்ட்’ என்ற மூன்று சேவைகளும் சேர்ந்திருந்தால் அந்த டயல் 1946-க்குப் பிந்தியது. 1967-ல் ரேடியோ 1, 2, 3, 4 என்ற பெயர்கள் வந்துவிட்டன. 1938 பெட்டியில் ‘லைட்’ என்று எழுதி வைத்தால் விவரம் தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

அதே பெட்டியில் ஹெல்வெட்டிகா எழுத்தைப் போட்டாலும் சிரிப்புத்தான். அது பிறந்தது 1957-ல். இங்கேதான் நல்ல கையும் சாதாரணக் கையும் பிரிகின்றன. அந்நாளில் பல டயல்களைப் படம் வரைபவர்கள் பேனாவால் எழுதினார்கள். அத்தகைய கண்ணாடியை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே சொல்லில் வரும் இரண்டு ‘எம்’களின் கால்கள் ஒன்றுபோல இருக்காது. பெரோமூன்ஸ்டரின் ‘யு’மேல் உட்கார வேண்டிய இரண்டு புள்ளிகளுக்கு மேலே இடமில்லாமல், எழுத்தின் தலையைக் கொஞ்சம் தட்டிப் புள்ளிகளை நுழைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் டைப் அடித்தால் இந்த நெளிவெல்லாம் காணாமல் போய், ஊர்ப்பெயர் நேற்று ஒட்டிய ஸ்டிக்கராகிவிடும். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தடம்பிடித்து வரைகிறவரின் டயலில்தான் பழைய கை தெரிகிறது.

நிறத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வெள்ளைதானே இருந்தது என்று சிலர் பளீர் வெள்ளை அடிக்கிறார்கள். குமிழ்களும் ஸ்பீக்கர் துணியும் பழுத்துப் பழுப்பேறியிருக்க, எழுத்து மட்டும் பல்செட்டுபோலப் பளிச்சிடுவது சகிக்கவில்லை. வெள்ளையில் துளி பழுப்பு கலந்து, மிஞ்சியிருக்கும் அசல் எழுத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து அடித்தால் கண் உறுத்தாது. இரண்டு மூன்று எழுத்துகள்தான் உதிர்ந்திருக்கின்றன என்றால் அவற்றை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

முழுக் கண்ணாடியையும் புதிதாக அடிக்க வேண்டிவந்தால், சட்டத்துக்குள் மறையும் விளிம்பில் அடித்த ஆண்டைப் பொடியெழுத்தில் போட்டுவிட வேண்டும். கைமாறிக் கைமாறிப் போகும் பெட்டியில், அதை ‘அசல் டயல்’ என்று சொல்லி விலையேற்ற யாராவது ஒருவர் வந்துசேருவார்.