நேரம் பார்த்து அழுத்தும் உதைபந்தாட்டம்

பின்லாந்துக்காரரான ஒட்டோ ஓயாலா உருவாக்கிய ‘சொக்கர் பிசிக்ஸ்’ விளையாட்டில் ஓட்டமும் இல்லை, ஓவ்சைட்டும் இல்லை. அணிக்கு இருவர், அந்த இருவருக்கும் சேர்த்து ஒரே பொத்தான். அழுத்தினால் இருவரும் ஒன்றாகத் துள்ளிக் காலை வீசுவார்கள். கணனியில் ஒரே விசைப்பலகையை இருவர் பகிர்ந்துகொண்டு எதிரெதிராக ஆடலாம்.

திரையில் நிற்கும் வீரர் நேராக நிற்பதில்லை. தலையாட்டிப் பொம்மைபோல முன்னும் பின்னும் சாய்ந்தபடியே இருப்பார். பொத்தானை அழுத்தும் கணத்தில் உடல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் துள்ளல் போகும். முன்சாய்வில் அழுத்தினால் பந்தை நோக்கிப் பாய்வார். பின்சாய்வில் அழுத்தினால் சொந்தக் கோலுக்குள் விழுவார். திசைக்கெனத் தனிப் பொத்தான் இல்லாத குறையை நேரக்கணிப்புத்தான் நிரப்புகிறது. ஈர்ப்பு, திணிவு, உராய்வு, கணத்தாக்கு என்று உயர்தர இணைந்த கணிதத்தில் படிக்கும் சங்கதிகளைத்தான் நிரலும் கணத்துக்குக் கணம் கணக்கிடுகிறது. வீரரின் அடுத்த அசைவு முன்கூட்டியே வரைந்து வைத்த படமல்ல என்பதால் ஒரே கோல் இரண்டு முறை விழுவது அபூர்வம்.

புதியவர்கள் தோற்பது ஓயாமல் அழுத்துவதால். முன்வீரர் தலையால் முட்டத் துள்ளும்போது பின்வீரரும் கூடவே எழும்பிவிடுகிறார். கோல்வாய் திறந்து கிடக்கிறது. பந்து மெதுவாக உருண்டு வருகிறது, பின்வீரர் பின்பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதறி அழுத்தினால் அவர் வலைக்குள் பறப்பார், பந்து காலடியால் நுழையும். அரைக்கணம் பொறுத்தால் உடல் முன்னே வரும். அதே உதை பந்தை உயரத் தூக்கி எதிர்முனைக்கு அனுப்பும். அதிர்ஷ்டத்துக்கும் இதில் கணிசமான பங்குண்டு. ஆனாலும் அந்த அரைக்கணத்தைப் பொறுப்பவரே அதிகம் வெல்கிறார்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் கல்லடி மணலில் பந்து உதைத்தவருக்கு இந்தத் தள்ளாட்டம் அந்நியமாக இராது. ஊன்றிய கால் புதையும், உடல் சாயும், உதை நினைத்த பக்கம் போகாது. பந்தும் அங்கே வேறு குணம் காட்டும். உயர்தர ஆட்டப்பந்துக்கு ஃபிஃபா வைத்துள்ள சோதனையில், உருக்குத் தட்டின் மேல் 2 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பந்து 135 முதல் 155 சென்ரிமீற்றர் வரை எழவேண்டும். அதாவது, மோதிய வேகத்தில் எவ்வளவு மீள்கிறது என்று சொல்லும் மீளமைவுக் குணகம் ஏறத்தாழ 0.82 முதல் 0.88. மணலோ அந்தச் சக்தியை விழுங்கிவிடும். அதனால்தான் ஐவர் அணிகளாக, வெறுங்காலுடன், 12 நிமிடப் பகுதிகள் மூன்றாக ஆடும் கடற்கரை உதைபந்தாட்டத்தில் பந்தைக் கிளப்பி அந்தரத்திலேயே அடிக்கிறார்கள். அமெரிக்க யேசுசபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் தரையோடு ஓடும் பாஸுக்கு இருக்கும் மதிப்பு, மணலில் அதற்குக் கிடையாது.

திரையிலும் தரைப்பந்தைத் துரத்துவது பெரும்பாலும் வீண். துரத்துவதற்குக் கால் ஓடினால்தானே. பந்து எகிறி இறங்கும் இடத்தைக் கணித்து, முன்சாய்வு அங்கே பொருந்தும்போது ஒரே ஒரு அழுத்து. முன்னணியில் இருப்பவர் அதையும் குறைத்துக்கொள்ளலாம்: கோலை மறித்து நிற்கும் பின்வீரரை எழுப்பாமல் விட்டாலே எதிராளியின் பாதி உதைகள் அவர் உடம்பில் பட்டுத் திரும்பும்.