‘போதும்’ என்று யார் சொல்வது?

சென்ற ஆண்டு, கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை ஆறு மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்த சமயத்தில், நான் வேலை செய்யும் இடத்தில் எங்களுக்கு ஒரு தியான வகுப்பு வைத்தார்கள். வந்தவர் நல்ல மனிதர். நன்றாகவே பேசினார். திரையில் புத்தர் படத்தைக் காட்டி, துன்பத்துக்குக் காரணம் ஆசை, இருப்பதில் நிறைவு கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார்: “இன்கிரிமென்ட் கிடையாதுங்கிறதை எவ்வளவு அழகா சொல்றாங்க பாருங்க.”

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிப்போடு விஷயம் முடியவில்லை. ‘பவுத்தம் முதலாளிக்குச் சேவகம் செய்கிறது’ என்று ஒரு வரித் தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடலாம். மேற்கத்திய பவுத்தம் பற்றி 2001இல் ஸ்லாவோய் ழிழெக் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: சந்தையின் ஓட்டத்தில் முழுசாகக் கலந்துகொண்டே, மனசளவில் தான் அதற்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்ள உதவும் ஏற்பாடு அது. எங்கள் வகுப்புக்கு இந்த விமர்சனம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பவுத்தத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

2

கிடைத்ததில் நிறைவு கொள்ளுதலைப் பாலியில் ‘சந்துட்டி’ என்பார்கள். தாய்லாந்தில் இந்தச் சொல்லுக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. 1957இல் ஆட்சியைக் கவிழ்த்து, 1959இல் பிரதமரான ராணுவத் தளபதி சரித் தனரத், 1961இல் நாட்டின் முதல் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். அந்தக் கட்டத்தில் பிக்குகள் சந்துட்டியைப் போதிக்க வேண்டாம் என்று சங்கத்தைக் கேட்டுக்கொண்டார். விவசாயி ‘போதும்’ என்று உட்கார்ந்துவிட்டால் வளர்ச்சி எங்கிருந்து வரும்? 1963இல் சரித் செத்த பிறகு அவர் குவித்து வைத்திருந்த சொத்து வெளியே வந்தது. அவருக்குப் பின் வந்த அரசே அதில் ஒரு பகுதியைப் பறிமுதல் செய்தது. போதும் என்று சொல்லாதவர் யார் என்பது அப்போது தெரிந்தது.

1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயம் சரிந்தது. அந்த டிசம்பரில் மன்னர் பூமிபோல் தம் பிறந்தநாளை ஒட்டிய உரையில், நாம் புலியாவது முக்கியமல்ல, நமக்குப் போதுமான அளவு இருப்பதே முக்கியம் என்ற பொருள்படப் பேசினார். ‘போதுமான பொருளாதாரம்’ அரசுக் கொள்கையாயிற்று. 2006 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் எழுதப்பட்ட 2007 அரசியல் சட்டத்திலும் அது ஏறியது. அதே 1997இன் தொடக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாக் மூன் அணையால் மீன்பிடிப்பை இழந்தவர்களும் நிலம் இழந்தவர்களுமாக ‘ஏழைகள் பேரவை’யினர் பாங்காக்கில் 99 நாள் மறியல் இருந்தார்கள். அவர்களுக்குப் போதவில்லை.

ஆக, உழைப்பவனை விரட்டி வேலை வாங்க வேண்டிய காலத்தில் நிறைவு ஒரு தடை. ஓட்டம் கவிழ்ந்த காலத்தில் நிறைவு ஒரு கொள்கை. சொல் ஒன்றுதான். குழாயைத் திறப்பதும் மூடுவதும் அதிகாரத்தின் கை.

3

இனி பிரதிக்கு வருவோம். கிடைத்த சீவரம், கிடைத்த பிச்சை, கிடைத்த இருப்பிடம் இவற்றில் நிறைவடையச் சொல்வது பிக்குவிடம். இல்லறத்தாரான அனாதபிண்டிகரிடம் பேச்சு வேறு: பொருள் இருப்பதன் இன்பம், அதைத் துய்க்கும் இன்பம், கடன் இல்லாத இன்பம், குற்றம் இல்லாத இன்பம். அரசனைப் பற்றிய பேச்சோ இன்னும் வேறு. தீக நிகாயத்தின் சக்கவத்தி சீகநாத சுத்தத்தில், அரசன் இல்லாதவர்களுக்குப் பொருள் தராததால் வறுமை, வறுமையால் திருட்டு, திருட்டால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை என்று சங்கிலி நீள்கிறது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஏழையின் ஆசை அல்ல. அரசனின் கை மூடியிருந்ததுதான். அங்குத்தர நிகாயத்தில் இன்னொரு இடம்: தமக்குத் துணைநின்ற இரண்டில் ஒன்றாக, நல்லவற்றில் நிறைவு கொள்ளாமையைப் புத்தர் சொல்கிறார். நிறைவின்மையும் அங்கே ஓர் அறம். தியான வகுப்பில் இந்தப் பக்கத்தைத் திரையில் காட்டவில்லை.

மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு விதிப்பவை: பிணத்தின் துணி, உடைந்த பாண்டத்தில் சோறு, இரும்பு நகை. சூத்திரனுக்குத் திறமை இருந்தாலும் பொருள் சேர்க்கக் கூடாது என்பதும் அங்கேதான். இப்போது பிக்குவின் ‘பம்சுகூல’ சீவரத்தைப் பாருங்கள்: குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியை எடுத்து, துவைத்து, தைத்து, சாயமேற்றியது. மனு நூல் பிற்காலத்தது. ஒன்றுக்கு மற்றது பதில் என்று நான் சொல்ல வரவில்லை. அருகருகே வைத்து வாசிக்கிறேன். துணி ஒன்றுதான். ஒருவருக்கு அது கட்டளை, மற்றவருக்குத் தேர்வு. அரச குலத்தவனும் வணிகன் மகனும் சுடுகாட்டுத் துணியைத் தாமே எடுத்து உடுத்தியபோது, அதில் ஒட்டவைக்கப்பட்டிருந்த இழிவு கழன்று விழுகிறது. வாடிய பூக்களை அள்ளிப் பிழைத்த சுனிதரும் அதே சீவரத்தில் நிற்கிறார்.

தேர்வு செய்யும் உரிமையே இல்லாதவனிடம் ‘பற்றை விடு’ என்பது, பம்சுகூலத்தைத் திருப்பி மனுவின் துணியாக்கும் வேலை. மணிமேகலையிடம் அமுதசுரபி தவிர வேறு உடைமை இல்லை. அதற்காக அவள் பசித்தவர்களிடம் பற்றை விடுங்கள் என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. முதலில் சோறு போட்டாள்.

4

அம்பேத்கர் இந்த முடிச்சை நேராகவே அவிழ்த்தார். 1927இல் மகாடில் பெண்களிடம், தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடையையும் நகையையும் விட்டொழித்து நன்றாக உடுத்தச் சொன்னவர் அவர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பவுத்தம் ஏற்றவரும் அவரே. இரண்டும் முரண் அல்ல. அவர் இறந்த பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் சந்துட்டியை விளக்கும்போது, அது பணிந்துபோதல் அல்ல என்கிறார். ஏழ்மையைப் பாக்கியம் என்று புத்தர் சொல்லவில்லை, துன்பப்படுகிறவர் தம் நிலையை மாற்ற முயலக் கூடாது என்றும் சொல்லவில்லை, செயலூக்கத்தைத்தான் போதித்தார், எல்லையற்ற பேராசைக்கு ஆட்படாதே என்பதே நிறைவின் பொருள் என்கிறார். கேள்வி தேவையைப் பற்றியது அல்ல, எல்லையின்மையைப் பற்றியது. எல்லையில்லாமல் பெருகுவது கூலியா, மூலதனமா?

5

இதோடு நிறுத்தினால் நமக்குச் சவுகரியம். ஆனால் நம் பக்கமும் பேச வேண்டும். இயக்கங்களில் கிழிந்த சட்டையைத் தகுதிச் சான்றாகக் காட்டிய தோழர்களை நமக்குத் தெரியும். அந்த எளிமைக்குப் பின்னால் வீட்டில் யாரோ ஒருத்தி உழைத்துக்கொண்டிருந்ததும் தெரியும். எங்க அம்மா கடைசியாகத் தட்டு எடுத்து உட்காரும்போது “எனக்கு இது போதும்பா” என்பார். பானையில் வேறு ஒன்றும் இருக்காது. அதை நான் வெகுநாள் ‘பற்றின்மை’ என்று நினைத்திருந்தேன். அது பங்கீட்டில் இருந்த அநீதி. அனுபவித்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு பக்கம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை விற்றுவிட்டு, தவணையில் புதுசு எடுத்தவனும் நான்தான். தவணை கட்ட வேண்டிய மாதங்களில் வேலைநிறுத்தம் என்ற பேச்சு வந்தால் என் வயிறு கலங்குகிறது. அப்போதுதான் புரிந்தது: பற்று என்னைக் கட்டிப்போடுவது முதலாளிக்குத்தான் லாபம். ‘எனக்கு இந்த வண்டி போதும்’ என்று நான் முன்னமே சொல்லியிருந்தால், ‘எங்களுக்கு இந்தக் கூலி போதாது’ என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருப்பேன். இரண்டும் எதிரெதிர் வாக்கியங்கள் அல்ல. முதலாவது எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது. வேறு யாரும் எனக்குச் சொல்லக் கூடாதது. இரண்டாவது எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டியது.

பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. தவணையில் பதினோரு மாதம் பாக்கி.