கேடயமா, கவசமா?

ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் 2003இல் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் கணினி விளையாட்டில், பல நாட்டவரும் இணையம் வழியே விண்கலங்களைச் செலுத்திப் போரிடுகின்றனர். அழிந்த கலம் அழிந்ததே, மீளக் கிடைக்காது. ஆகவே தற்காப்பைத் தேர்வதில் கருத்து வேண்டும்.

கலத்தைச் சூழ்ந்துள்ள ஆற்றல் கேடயம் தானாகவே மீண்டும் நிரம்பும். ஆனால், அதைப் பெருக்கும் கருவி கலத்தைப் பகைவரின் குறிக்கு எளிதாக்கிவிடும். கவசத் தகடோ கனமானது. கலம் மெல்லத் திரும்பும். கவசம் தானாகச் சீராவதுமில்லை. செப்பனிடும் கருவி தேவை. இரண்டையும் அரைகுறையாகப் பொருத்துபவர் பெரும்பாலும் இரண்டின் பயனையும் இழப்பார்.

ஒரே வகைத் தாக்குதலைத் தடுக்கும் கருவிகளையே அடுக்கினால் என்ன? முதற்கருவி முழுப்பயன் தரும். இரண்டாவது ஏறத்தாழ 87 விழுக்காடு, மூன்றாவது 57, நான்காவது 28 விழுக்காடே பயன் தரும். பொருளியலில் நாம் படிக்கும் ‘குறைந்து செல் விளைவு விதி’யை நினைவூட்டும் இந்த ஏற்பாடே விளையாட்டின் சிறப்பு. நான்காவது கருவியின் இடத்தில் வேறொன்றை வைப்பதே அறிவுடைமை.

குறையும் உண்டு. இயந்திரத்தை நிறுத்தியதும், நீரில் செல்லும் படகுபோல் கலம் தயங்கி நின்றுவிடுகிறது! வெற்றிடத்தில் அதைத் தடுப்பது எது? நியூட்டனின் முதல் விதிப்படி அது ஓடிக்கொண்டே இருக்கவேண்டுமன்றோ? மாணவர்கள் இவ்விளையாட்டில் கணக்கைக் கற்கலாம். இயக்கவியலைப் பாடநூலில் கற்பதே நன்று.