சிலந்தியோடு விடப்பட்ட நெசவாளி

1

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். நுழைந்ததும் ஒரு பட்டுச் சேலையை விரித்து மாட்டியிருந்தார்கள். கரை நெடுகக் கோபுர முனைகள், உடலில் மாங்காய் புட்டா. பக்கத்தில் ஒரு விவரக் குறிப்பு. அதில் வடிவமைப்பாளர் பெயர் இருந்தது, புகைப்படம் எடுத்தவர் பெயர் இருந்தது. நெய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பாரம்பரிய நெசவாளர்’ என்று போட்டிருந்தார்கள். இயற்கையின் வடிவங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தன்னியல்பாக நெய்துவரும் கைகள் என்று கீழே ஒரு புகழுரை வேறு.

புகழ்ச்சிதானே, இதில் என்ன கோபம் என்று கூட வந்த நண்பர் கேட்டார். புகழ்ச்சிதான் பிரச்சினை. அந்தப் புகழுரையில் கை இருக்கிறது, தலை இல்லை. ‘இயற்கை’, ‘தலைமுறை’, ‘தன்னியல்பு’ ஆகிய மூன்று சொற்களும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நெய்தவர் யோசித்தார் என்பதை அவை மறைக்கின்றன. மரம் காய்ப்பதுபோல அவருக்குச் சேலை வருகிறது என்றாகிவிட்டால், காய்த்ததற்கு மரத்துக்கு யாரும் பெயர் போட வேண்டியதில்லை.

2

கண்காட்சி நடத்துகிறவர்களைத் திட்டுவது சுலபம். நம் பக்கத்துப் பிரதிகளைப் பார்ப்போம். ‘மூலதனம்’ முதல் தொகுதியில் (1867) உழைப்பு நிகழ்முறை பற்றி எழுதும்போது, மனித உழைப்பை விலங்கின் செயலிலிருந்து பிரித்துக்காட்ட மார்க்ஸ் இரண்டு ஜோடிகளைக் கொண்டுவருகிறார்: சிலந்தி–நெசவாளி, தேனீ–கட்டடக் கலைஞன். ஒற்றுமையைச் சொல்லும்போது இரண்டு ஜோடியும் வருகின்றன. வேற்றுமையைச் சொல்லும்போது இரண்டாவது ஜோடி மட்டும்தான் வருகிறது. கட்டுவதற்கு முன்பே கட்டடத்தை மனத்தில் எழுப்பிவிடும் ஆற்றல் கட்டடக் கலைஞனுக்கு உண்டு, தேனீக்கு இல்லை என்கிறார். அதாவது கட்டடக் கலைஞன் தேனீயிடமிருந்து மீட்கப்பட்டுவிட்டான். நெசவாளியை மீட்க யாரும் திரும்பி வரவில்லை. அவன் சிலந்தியோடேயே விடப்பட்டான்.

மார்க்ஸ் எல்லா உழைப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார், வார்த்தையைப் பிடித்துத் தொங்காதே என்று தோழர்கள் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்கிறேன். விசைத்தறி கைத்தறி நெசவாளர்களைக் கொன்ற கதையை அதே நூலில் அவ்வளவு கோபத்தோடு எழுதியவர் அவர். ஆனால் ‘சிந்தனை’ என்பதற்கு உதாரணம் தேடும்போது, அந்தக் கோபக்காரரின் பேனாவும் வரைபடம் போடுகிறவனிடம்தான் போயிற்று. இது தனிமனிதரின் தவறல்ல, மொழியில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு பள்ளம்.

நம் மொழியிலும் அது கிடக்கிறது. நூல் என்ற சொல்லுக்கு இழை என்றும் புத்தகம் என்றும் பொருள் சொல்லிப் பெருமைப்படாத தமிழாசிரியர் உண்டா? நன்னூல் பாயிரம் அதை விரிக்கிறது. சொல் பஞ்சு, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவள் கை, அவன் மதி அவள் கதிர். எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கும் புல்லரித்தது. இன்று வாசிக்கும்போது வேறொன்று படுகிறது. புலவனைப் புரியவைக்க நூற்கிறவள் வேண்டியிருக்கிறாள். புரிந்ததும் அவள் வெளியேறிவிடுகிறாள். நூல் நூற்கிறவளுக்கும் மதி உண்டு என்று திருப்பிச் சொல்ல அந்த உவமையில் வழியில்லை.

மூன்றாவதாக, 1843இல் ஏடா லவ்லேஸ். சார்ல்ஸ் பாபேஜின் பகுப்பாய்வு எந்திரம் பற்றிய குறிப்புகளில், ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல அந்த எந்திரம் இயற்கணித வடிவங்களை நெய்யும் என்ற பொருளில் எழுதினார். கணினியின் வரலாறு சொல்கிற யாரும் இதைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. தறி இங்கேயும் உவமைதான். தறிக்காரர் வரலாற்றில் இல்லை.

கவிதை, கட்டடம், கணினி என்று சிந்தனைக்குப் பெயர்போன மூன்று துறைகளும் தம்மைப் பற்றிப் பேசும்போது இழையையும் நெசவையும் பக்கத்தில் கொண்டுவருகின்றன. கடன் வாங்கியதாக மட்டும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

3

சரி, வடிவம் போடுவதில் அப்படி என்ன சிந்தனை? எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன். தெரிந்த இடம் என்பதும் தப்பு. எங்கள் வீட்டில் அக்காவுக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் இது வேடிக்கை பார்த்த ஆணின் சாட்சியம்.

அம்மாவின் கோல நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு குறிப்பு இருக்கும். ‘15–8 ஊடுபுள்ளி’ என்பது அடிக்கடி வரும். நடு வரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும், முந்தின வரிசையின் இடைவெளிகளில், 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8இல் நிற்கும். ஏன் எட்டு என்று கேட்டேன். “எட்டோட நிறுத்திரணும். ஏழுக்குப் போனா பக்கம் ஒத்துவராது” என்றார். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 8இல் நிறுத்தினால் ஆறு பக்கத்திலும் எட்டெட்டுப் புள்ளி. ஒழுங்கான அறுகோணம், மொத்தம் 169 புள்ளி. 7க்குப் போனால் மேல்பக்கம் 7, சாய்ந்த பக்கம் 9. எந்த எண்ணில் தொடங்கினால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அம்மாவிடம் விதி இருந்தது. அதற்குச் சூத்திரம் என்ற பெயர்தான் இல்லை.

அறுகோணம் என்றதும் தேனீ திரும்பி வருகிறது. இயற்கையிலும் இதே வடிவம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்பார்கள். இயற்கையில் வடிவம் எப்படி உண்டாகிறது என்பதை டார்சி தாம்ப்சன் 1917லேயே விரிவாக ஆராய்ந்தார். 1952இல் ஆலன் டூரிங், வெவ்வேறு வேகத்தில் பரவும் இரண்டு வேதிப்பொருள்கள் வினைபுரிந்தாலே, ஒன்றுமில்லாத சீரான பரப்பில் புள்ளியும் கோடும் எழக்கூடும் என்று கணிதத்தால் காட்டினார். சிறுத்தையின் புள்ளிகளுக்கு ஒரு சிந்தனையாளர் தேவையில்லை. சிறுத்தைத் தோலில் புள்ளி தப்பிப்போவதும் கிடையாது, எப்படி விழுகிறதோ அதுவே அதன் வடிவம். கோலத்தில் தப்பு உண்டு. இழை தப்பினால் அம்மா உட்கார்ந்து புறங்கையால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். எது சரி என்று தெரியாமல் எதையும் தப்பு என்று அழிக்க முடியாது. மார்க்ஸ் கட்டடக் கலைஞனுக்குக் கொடுத்த தகுதி அந்தப் புறங்கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் அவசரப்படக் கூடாது. கோலக்காரியும் ஒரு கட்டடக் கலைஞர்தான் என்று நிரூபித்து உட்கார்ந்துவிட்டால், தலையில் திட்டம், கையில் வேலை என்ற பழைய பாகுபாட்டையே மறுபடி முட்டுக்கொடுத்தவனாவேன். சிக்குக் கோலம் போடும்போது முழு வடிவமும் முன்கூட்டியே மனத்தில் இருக்குமா என்று கேட்டதற்கு, “அப்படியெல்லாம் இல்ல, போகப் போகத் தெரியும்” என்றார் அம்மா. இழை ஒரு புள்ளியைச் சுற்றி வந்து நிற்கும்போதுதான் அடுத்த திருப்பம் தீர்மானமாகிறது. எங்கே போனாலும் தொடங்கிய இடத்தில் வந்து மூடிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் விடாமல் கூடவே வருகிறது. திட்டம் முதலில், செயல் பிறகு என்ற வரிசைக்கு இது அடங்காது, தன்னியல்பு என்ற சொல்லுக்கும் அடங்காது. செய்கையிலேயே நடக்கும் சிந்தனை இது. இதற்கு நம் விமர்சன மொழியில் ஒரு சொல்கூட இல்லை. அசை, சீர், தளை என்று செய்யுளின் கணக்கைச் சொல்ல ஒரு யாப்பருங்கலக் காரிகை இருக்கிறது. வாசலில் தினமும் கட்டப்பட்ட யாப்புக்குக் காரிகை இல்லை.

1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை அணி இலக்கணம் என்ற கணினியியல் முறையில் ஆராய்ந்து எழுதினார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் மேலும் மேலும் பெரிதாகும் கோலக் குடும்பங்கள் பிறக்கும் என்று காட்டினார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்து நடந்த அந்த வேலை மரியாதைக்குரியது. கோலத்தை அறிவாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். என் வருத்தம் நம்மேல். அப்போதிருந்த தமிழ்த் துறைகளுக்கு அது ஏன் தோன்றவில்லை? கணினி வந்து சொன்ன பிறகு “பாட்டிகளின் கணிதம்” என்று வியப்பதும் பழைய புகழ்ச்சிதான்.

4

தறிக்கு வருவோம். லியோன் நகரத்து ஜக்கார்டின் கருவி 1804–05 வாக்கில் உருவானது. வடிவத்தைக் கட்டம்போட்ட தாளில் வரைந்து, எந்தப் பாவு இழை மேலே தூக்க வேண்டுமோ அதற்கேற்ப அட்டையில் துளையிட்டு, அட்டைகளைக் கோத்துத் தறிமேல் ஏற்றுகிறார்கள். ஜக்கார்டு வருமுன் காஞ்சிபுரத்தில் அடை என்னும் நூற்கட்டின் வழியாகத்தான் கரையின் வடிவம் தறியில் ஏறியது. அட்டையோ அடையோ, வடிவம் என்பது எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்ற வரிசைதான். பூவைப் பார்த்து வரைவது பாதி வேலை. பூவை மேல், கீழ் என்ற இரண்டே சொற்களில் எழுதிவிடுவது மீதி வேலை.

அட்டை வந்ததும் அந்த எழுத்து நெசவாளியின் கையைவிட்டுப் போய்விட்டது என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். கரைப் பக்கம் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அது பெண்ணாகவோ பிள்ளையாகவோ இருந்திருக்கிறது. இரு நிற ஊடையும் சந்திக்கும் இடத்தைப் பின்னுவதை எந்த அட்டையும் செய்வதில்லை, இரண்டு பேரின் கையும் கண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்காகிறது. அந்தக் கணக்கில் தீர்மானங்களுக்கு இனம் கிடையாது. கரைப் பக்கத்து ஆளுக்குத் தனிப் பெயரும் கிடையாது.

சட்டமும் இதே பள்ளத்தில்தான் ஓடுகிறது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிய வேண்டுமானால் வடிவம் புதியதாகவோ சொந்தமானதாகவோ இருக்க வேண்டும். மாங்காய் புட்டா ‘பாரம்பரியம்’, எனவே யாருடையதும் அல்ல. அதைக் கொஞ்சம் மாற்றி வரைகிறவருக்கு உரிமை கிடைக்கலாம், அதை அத்தனை காலம் தறியில் உயிரோடு வைத்திருந்தவருக்குக் கிடையாது. 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயரைக் காக்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கே ஊர்தான் பெயர் பெறுகிறது, ஆள் அல்ல. ‘பாரம்பரிய நெசவாளர்’ என்று கண்காட்சியில் போட்டவர்கள் சட்டத்தை மீறவில்லை, அதைத் திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

5

இதையெல்லாம் படித்துவிட்டு, கோலத்தைப் போற்றிப் பாட நான் கிளம்பிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். வாசல் ஒரு வெறும் தாள் அல்ல. கணவனை இழந்தவள் வாசலில் கோலம் போடக் கூடாது என்று ஒதுக்கிய வீடுகள் உண்டு. தெளித்துப் பெருக்கிக் கோலம் போடும் வேலை இன்று பல நகரத்து வீடுகளில் கூலிக்கு வருகிற பெண்ணிடம் இருக்கிறது. அவள் போட்ட கோலம் அந்த வீட்டின் மங்கலமாகக் கணக்காகிறது. அவளுக்கு உள்ளே உட்கார இடமிருக்கிறதா என்பது வேறு கேள்வி. வடிவத்தில் சிந்தனை இருக்கிறது என்பதால் அந்த வடிவம் நிற்கும் இடத்தின் சாதியும் ஆணாதிக்கமும் கழுவப்பட்டுவிடாது.

ஆனால் கோலத்தைச் சிந்தனை என்று ஒத்துக்கொண்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்: அரசு. 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தெருவில் கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போயிற்று. அன்று ‘தன்னியல்பான கைகள்’ என்று யாரும் சொல்லவில்லை. பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தண்டிக்க வேண்டியபோது கையெழுத்து அடையாளம் தெரிகிறது, கூலி கொடுக்க வேண்டியபோது அது மரபாகிவிடுகிறது.

கடைசியாக நம் கணக்கு. எத்தனை சிற்றிதழ் அட்டைகளில் கோலத்தையும் கலம்காரியையும் பாயின் பின்னலையும் எடுத்துப் போட்டிருக்கிறோம்? உள்பக்கத்தில் ‘அட்டை வடிவமைப்பு’ என்று ஓவியர் பெயரை மறக்காமல் போடுகிறோம். மூலத்தைப் போட்டவர் யார் என்று கேட்டோமா? கேட்டிருந்தால் பல சமயம் பக்கத்துத் தெருவிலேயே பதில் கிடைத்திருக்கும். அம்மாவின் நோட்டில் ஒவ்வொரு கோலத்தின் கீழும், அதை யாரிடமிருந்து கற்றார் என்று ஒரு பெயர் எழுதியிருக்கிறது. மேலவீட்டு அத்தை, டீச்சரம்மா, தண்ணீர் எடுக்கும்போது சொல்லிக்கொடுத்த ஒரு பெண். அடிக்குறிப்புப் போடத் தெரிந்தவர்கள் என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். அந்த நோட்டைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.