வாசிப்பவர் சிரித்தால் ஆட்டம் போச்சு

பத்திரிகைக்கு வாசகர்கள் எழுதிய கடிதங்களை வைத்துக்கொண்டு, ஒலிவாங்கி முன் இரண்டு பேர் உட்கார்ந்து கிண்டலடிப்பது இப்போது ஒரு பாட்காஸ்ட் வகையாகவே ஆகிவிட்டது. பார்த்தால் சுலபமான ஆட்டம். சரக்கை வேறொருவர் எழுதிக் கொடுத்துவிட்டார், வாசித்தால் போதும். ஆனாலும் பலருக்குப் பத்தாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. முதல் வரிக்கே வாசிப்பவர் சிரித்துவிடுவதுதான் காரணம்.

செபாக் தக்ராவ் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வலையோரம் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் ஒருவர், அந்தரத்தில் புரண்டு அடிப்பவர் இன்னொருவர். இங்கே அடிப்பவர் கடிதம் எழுதியவர். வாசிப்பவர் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். நானும் அடிப்பேன் என்று கிளம்பினால் இரண்டு கால்களும் மோதிக்கொள்ளும், புள்ளி எதிரணிக்கு.

தூக்கிக் கொடுப்பதில் நான் கேட்டவர்களில் முதலிடம் ஹம்ஃப்ரி லிட்டில்டனுக்கு. ஜாஸ் டிரம்பெட் கலைஞர். 1972-இல் பிபிசி வானொலியில் தொடங்கிய ‘ஐ'ம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ’ நிகழ்ச்சியை 2008-இல் இறக்கும்வரை நடத்தினார். வட வேல்ஸிலிருந்து டிரெல்லிஸ் என்ற அம்மாள் எழுதியதாக அதில் ஒரு கடிதம் வரும். அம்மாளும் கற்பனை, கடிதமும் கற்பனை. எப்போதும் வேறு யாருக்கோ எழுதியதுபோல் தொடங்கும். லிட்டில்டன் அதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ‘நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்’ என்கிற சலிப்போடு வாசித்து முடிப்பார். அரங்கம் அதிரும், அவர் மட்டும் ஒன்றும் புரியாதவர்போல் அடுத்த காகிதத்தை எடுப்பார். இந்தப் புரியாமைதான் அவருடைய பயிற்சி. டிரம்பெட்டில் எங்கே ஊதாமல் விடுவது என்று பழகிய மனிதருக்கு எங்கே பேசாமல் விடுவது என்பதும் தெரிந்திருந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜிம்மி கிம்மல் 2012 முதல் ஆடுவது வேறு வகை. சமூக ஊடகத்தில் திட்டு வாங்கிய பிரபலத்தையே உட்கார வைத்து, அந்தத் திட்டை அவர் வாயாலேயே வாசிக்க வைப்பார். ஒபாமாகூட வாசித்தார். நல்ல தந்திரம், ஆனால் ஒரே தந்திரம்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய ஆட்டத்தை ஆடியவர் சோ. 1970-இல் அவர் தொடங்கிய துக்ளக் பத்திரிகையின் ஆண்டு விழாவில், பொங்கலை ஒட்டிச் சென்னையில் வாசகர்கள் கூடுவார்கள். அவர்களில் சிலரை மேடைக்கு அழைத்துப் பேசவிட்டு, அதன் பிறகு சோ தன் பங்கைத் தொடங்குவார். நாடகக்காரர் அல்லவா, எதிராளி தன் வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்தால்தான் தன் வசனத்துக்குக் கைதட்டு என்பது அவருக்குத் தெரியும். பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதியிலும் இதே முறைதான். கேள்வி அப்பாவியாக வந்து நிற்கும், பதில் குறும்பாகப் பாயும். அவருடைய அரசியலோடு எனக்குப் பல இடங்களில் ஒத்துப்போகாது. ஆட்டத்தில் குறை சொல்ல இடமில்லை.

நம் மலேசியக் கதைக்கு வருவோம். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 பிப்ரவரி தொடக்கத்தில் நின்றுபோனது. அடுத்த மாதமே செமினி சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். கடிதம் எழுதுகிறவர்களுக்கு இடைத்தேர்தலைவிட நல்ல பருவம் கிடையாது. சாலை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் அப்போதுதான் ஆள் கிடைக்கும். நேசனுக்கு எழுதியே பழகிய கைகள் மக்கள் ஓசைக்கும் மலேசிய நண்பனுக்கும் அல்லவா திரும்பியிருக்கும்!

நம் கடிதங்களுக்கு ஒரு நடை உண்டு. ‘பொதுமக்கள் பெரிதும் அவதிக்குள்ளாகின்றனர்’ என்று ஏறும், ‘செவிடன் காதில் ஊதிய சங்காக’ என்று உச்சத்துக்குப் போகும், ‘சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களா?’ என்று இறங்கும். வாசிப்பவருக்கு இது தங்கச் சுரங்கம். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, யாரோ பதில் சொல்லப்போவதுபோல் நிஜமாகவே நான்கு நொடி காத்திருக்க வேண்டும். பதில் வராது. பிறகு அமைதியாக அடுத்த கடிதம். அந்த நான்கு நொடியை நம்பாமல் ‘ஹா ஹா, செய்வாங்களா பாஸ்?’ என்று நிரப்புகிறவர்கள்தான் தோற்கிறார்கள்.

எந்தக் கடிதத்தைத் தொடக்கூடாது என்பதிலும் ஆட்டம் இருக்கிறது. 2016-இல் துர்நாற்ற மாசு காரணமாகச் சுங்கை செமினி நீர் சுத்திகரிப்பு நிலையம் மீண்டும் மீண்டும் மூடப்பட்டு, வீடு வீடாகக் குழாய் காய்ந்தது. தோங்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு அலைந்த ஒருவர் எழுதும் கடிதத்தில் ஒற்றுப்பிழை இருக்கலாம். அந்தப் பிழையைப் பிடித்துச் சிரிப்பவர் தன் சொந்தக் கோலில் பந்தைப் போடுகிறார். குழாய் காய்ந்தபோது வந்த அறிக்கைகளின் நடையை அதே கடிதத்தின் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். கோல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கலாம்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தினார்கள். வாசகர்களுக்குப் பாடம் சொல்லி எழுத்தாளர்கள் ஆக்கும் முயற்சி அது. இந்த நாட்டுத் தமிழ் எழுத்தில் ஒரு பெரும் பங்கு அப்படி அஞ்சலில் வந்ததுதான். தோட்டங்களில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பத்திரிகை கேட்ட காலமும் இருந்தது. முதன்முறை பேனா பிடித்தவரை மைக் பிடித்தவர் மட்டம் தட்டுவது எனக்கு ஒப்பாது. ‘தலையங்கம் சாட்டையடி, அட்டைப்படம் அருமை’ என்று வாராவாரம் அனுப்பும் நிரந்தரக் கடிதக்காரர்களை மட்டும் தாராளமாகச் சீண்டலாம். அவர்களே அதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

எல்லைக்கோடு இங்கே கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 2022-இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருந்த கிராக்ஹவுஸ் நகைச்சுவை அரங்கம், மேடையில் ஒருவர் செய்த செயலுக்குப் பிறகு மாநகர் மன்ற உரிமத்தை இழந்தது. இனம், மதம், அரண்மனை மூன்றையும் விட்டு ஆட வேண்டிய களத்தில், தண்ணீரையும் பேருந்தையும் பற்றி வரும் வாசகர் கடிதம் எவ்வளவு பெரிய இடம் என்பது நம் நகைச்சுவைக் கலைஞர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

ஆள் தேர்வை என்னிடம் விட்டால், வாசிக்க ஓய்வுபெற்ற வானொலிச் செய்தி வாசிப்பாளர் ஒருவரைப் போடுவேன். மின்னல் பண்பலையில் முப்பது ஆண்டு வானிலை சொன்ன குரலாக இருந்தால் உத்தமம். பக்கத்தில் கேள்வி கேட்க இருபது வயதுப் பிள்ளை ஒன்று, செமினிப் பக்கம் என்றால் இன்னும் நல்லது, பேருந்துக்குக் காத்திருந்த அனுபவம் இருக்கும். இருபது நிமிடம், ஐந்து கடிதம். பின்னணிச் சிரிப்பொலி கிடையாது.