எட்டு மணி நேரமும் முடிவில்லாத பக்கமும்

'இப்பல்லாம் எவன் சார் புஸ்தகம் படிக்கிறான்? எல்லாம் செல்லை நோண்டிக்கிட்டு இருக்கானுங்க.' புதுவையில் இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்தால் இந்தப் புலம்பல் காதில் விழும். புலம்புகிறவர் கையிலும் செல் இருக்கும் என்பது வேறு விஷயம். என் ஆட்சேபம் இந்தப் புலம்பலின் அரசியல் மீதானது. கவனச் சிதறலைத் தனிமனித ஒழுக்கக்கேடாக இது கட்டமைக்கிறது. கவனத்துக்கு நேரம் வேண்டும், உட்கார இடம் வேண்டும். அவை யார் கையில் இருக்கின்றன என்று கேட்பதில்லை.

1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. இதைக் கூலிப் போராட்டமாக மட்டும் வாசிப்பது போதாது. ஆலைச் சங்கு ஊதிய பிறகு மிஞ்சுகிற பொழுது தொழிலாளிக்குச் சொந்தம் என்பதை உயிரைக் கொடுத்து வாங்கினார்கள். 1934இல் வ. சுப்பையா தொடங்கிய 'சுதந்திரம்' போன்ற ஒரு பத்திரிகையைப் படிக்கவும், படிக்கச் சொல்லிக் கேட்கவும் அந்தப் பொழுதுதான் வேண்டும்.

இன்று அந்தப் பொழுது எங்கே போகிறது? பக்கத்தின் அடி என்பது வாசகர் நின்று யோசிக்கிற இடம். 2006இல் அசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போகும் திரையை உருவாக்கினார். பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். நிறுவனங்கள் வருந்தவில்லை, நாம் திரையில் நிற்கும் நிமிடங்களைத்தான் அவை விளம்பரதாரருக்கு விற்கின்றன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவரின் மிச்சப் பொழுதும் இந்தச் சந்தைக்குள் வந்துவிட்டது. இந்த உழைப்புக்குக் கூலியும் கிடையாது, சங்கும் ஊதாது.

நேர்கோடற்ற பிரதி, மையமற்ற வாசிப்பு என்று 90களில் சிறுபத்திரிகைகள் பேசியது இதைத்தானே என்று சிலர் கேட்கலாம். இல்லை. ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தபோது அர்த்தம் கொள்ளும் உரிமை வாசகரிடம் வந்தது. செல் திரையில் அடுத்து எது வரும் என்பதை, நேற்று நாம் எதில் எத்தனை நொடி நின்றோம் என்று எண்ணிவைத்திருக்கும் அல்காரிதம் தீர்மானிக்கிறது. ஆசிரியன் எழுந்து போன நாற்காலியில் கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்துகொண்டான்.

செல்லைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நூலகப் படியேறத் தயங்கிய பலருக்கு அம்பேத்கரையும் பெரியாரையும் கொண்டுவந்து கொடுத்தது இதே செல்தான். ஆகவே இளைஞர்களுக்கு உபதேசம் வேண்டாம், தோழர்களே. ஒரு கட்டுரையைக் கடைசிவரை சேர்ந்து வாசிக்கிற குழுக்கள் வேண்டும். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவிலும் திறந்திருக்கும் நூலகங்கள் வேண்டும். நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவற்றுக்கு இடம் உண்டா?