தலையைத் திருப்பிக் கேட்கும் தெய்வம்

கடவுளோடு நாயகர்கள் மோதும் உச்சக்காட்சி என்றால் வாளும் வெடியும் வேண்டும். ஹயாவோ மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’ (1997) வேறு வழியில் போகிறது.

பகலில் மான் உருவம், இரவில் மலையளவு உயர்ந்து நடக்கும் ஒளியுடல்: இதுதான் ஷிஷிகாமி என்ற வனதெய்வம். அது உருமாறும் நொடியில், இரும்பு உருக்கும் ஊரின் தலைவி எபோஷி துப்பாக்கியால் சுட்டு அதன் தலையைத் துண்டிக்கிறாள். அவ்வளவுதான், உடல் உருகிக் கரிய குழம்பாக மலைச்சரிவெங்கும் வழிகிறது. தொட்ட மரம் பட்டுப்போகிறது, மனிதர் சாய்கிறார்கள், குட்டி வனஆவிகள் கிளைகளிலிருந்து உதிர்கின்றன. தெய்வத்துக்குக் கோபம்கூட இல்லை. தலையைத் தேடுகிறது, அவ்வளவே.

நாயகன் அஷிடாகாவும் ஓநாய்கள் வளர்த்த பெண் சானும் அதைத் தாக்குவதில்லை. தலையைக் கவர்ந்து ஓடும் ஜிகோவைத் துரத்திப் பிடித்து, இருவருமாக அதைக் கைகளில் ஏந்தி உயர்த்துகிறார்கள்.

பெரும்பாலும் கையால் வரைந்த படம். கணினி வரைகலை சில இடங்களில் மட்டும். ஆனாலும் அந்தக் குழம்புக்கு எடையும் வேகமும் பசியும் இருக்கின்றன.

விடியலில் தெய்வம் சரிய, மொட்டை மலையில் பசுமை படர்கிறது. ஆனால் சான் மனிதரை மன்னிக்கவில்லை. ஒரு கையை இழந்த எபோஷியோ, நல்லதொரு ஊரை மீண்டும் கட்டுவோம் என்று தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.